ஆர்டிஐ மனு: முதல் கேள்வியிலிருந்து இரண்டாம் மேல்முறையீடு வரை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2005 மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. அவருக்கு மேலுள்ள முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கும் 30 நாள். காரணத்தை எழுதி வைத்தால் 45 வரை போகலாம். அதற்கு மேலே இருக்கும் தகவல் ஆணையத்துக்கு மட்டும் கெடுவே கிடையாது. மனுக்கள் வருடக்கணக்கில் தேங்குவது அங்கேதான். ஆணையர் பணியிடங்களை உரிய காலத்தில் நிரப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அப்படியும் 2020 மே மாதத்தோடு ஜார்க்கண்ட் ஆணையம் ஆளில்லாமல் முடங்கியது. ஆகவே ஆணையம் வரை போகாமலே விஷயம் முடியும்படி முதல் தாளை எழுதப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த பட்டா மாறுதல் மனு நகரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

1. யாருக்கு எழுதுவது

“பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்” என்று பதவியும் ஊரும் போட்டால் போதும். அதிகாரியின் பெயர் வேண்டாம், அவர் மாறுதலில் போயிருக்கலாம். அலுவலகம் தவறிப்போனால், பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இணையத்தில் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மத்திய அரசின் ஆர்டிஐ தளம் மத்திய அலுவலகங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கான மனுவை அதில் போட்டால் மனு திரும்பும், கட்டணம் திரும்பாது. மாநில அரசுக்குத் தனித் தளம் இருக்கிறது.

2. கேள்வி எழுதுவது

பாதி மனுக்கள் இங்கேயே தோற்கின்றன. “என் மனு மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்டால், “விளக்கம் கேட்பது தகவல் ஆகாது” என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். பதிவில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாகக் கருத்தோ விளக்கமோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லிவிட்டது. அதனால் காரணத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்:

அ) இன்ன தேதியில், இன்ன எண்ணில் நான் அளித்த மனு பதியப்பட்ட தன்பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்.
ஆ) அந்த மனுவுக்கான கோப்பின் ந.க. எண் (கோப்புக்கு அலுவலகம் இடும் எண்), அதிலுள்ள அலுவலகக் குறிப்புகள், கடிதங்கள் அனைத்தின் நகல்.
இ) மனு இன்று எந்தப் பதவியிலுள்ள அலுவலரிடம், எந்தத் தேதி முதல் இருக்கிறது என்பதைக் காட்டும் பதிவின் நகல்.
ஈ) இத்தகைய மனுவை முடிக்க நிர்ணயித்த கால வரம்பைச் சொல்லும் அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல்.
உ) அந்தக் கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும்.

மனு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைத் தன்பதிவேடு காட்டிவிடும். சில சமயம் இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததுமே பட்டா வேலை நகரத் தொடங்குவதும் அதனால்தான். நேரில் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, எந்தப் பக்கம் தேவை என்று பார்த்துவிட்டு நகல் கேட்கலாம்.

ஒரு மனுவில் ஒரே விஷயம். இருபது கேள்வி அடுக்கினால் ஐந்துக்குப் பதில் தந்து மனுவை முடித்துவிடுவார்கள். தகவல் எதற்கு என்று சொல்லவே வேண்டாம். அதைக் கேட்க அவர்களுக்கும் உரிமை இல்லை என்கிறது பிரிவு 6(2).

3. கட்டணமும் தபாலும்

10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டுவது எளிது. மத்திய அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் வையுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, மனு போய்ச் சேர்ந்த தேதி தெரியும் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள்.

4. நாள் கணக்கு

மனு ஜூன் 2 அன்று போய்ச் சேர்ந்தது என்றால் ஜூலை 2 கெடு. அதற்குள் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே சட்டம் கொள்ளும். முதல் மேல்முறையீட்டுக்கு ஆகஸ்ட் 1 வரை நேரம். அது ஜூலை 10 அன்று போய்ச் சேர்ந்தால் ஆகஸ்ட் 9-க்குள் உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் அன்றிலிருந்து 90 நாள், அதாவது நவம்பர் 7-க்குள், ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே காத்திருப்பவர்கள்தான் இந்தத் தேதிகளைத் தவறவிடுகிறார்கள். நினைவூட்டலால் கெடு நீளாது.

நகல் கட்டணம் கேட்டு (பக்கத்துக்கு 2 ரூபாய்) கடிதம் வந்தால், அதை அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரையான நாட்கள் அந்த 30 நாள் கணக்கில் சேராது. உடனே கட்டிவிடுங்கள். 30 நாள் கடந்த பிறகு கேட்டால் கட்ட வேண்டியதில்லை. பிரிவு 7(6)-இன்படி தகவலை இலவசமாகத் தர வேண்டும்.

5. வழக்கமான மறுப்புகள்

“கோப்பு கிடைக்கவில்லை”: சட்டத்தில் இப்படி ஒரு விலக்கே இல்லை. தேடிப் பார்க்க வேண்டும், தொலைத்தவர் மீது பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. அழித்துவிட்டோம் என்றால், அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

“தனிப்பட்ட தகவல்”: இதுதான் இப்போது பெரிய முட்டுக்கட்டை. தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தரும் பிரிவு 8(1)(ஜே)-இல், பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வரி முன்பு இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது; திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 8(2) மட்டும் அப்படியே நிற்கிறது: ஏற்படும் பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம். ஆகவே மனுவிலேயே “பிறர் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றை மறைத்து, பிரிவு 10-இன்படி மீதியைத் தரவும்” என்று ஒரு வரி சேருங்கள்.

6. மேல்முறையீடு

முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. மனு நகல், தபால் சான்று, வந்த பதில் ஆகியவற்றை இணைத்து, எந்தக் கேள்விக்கு என்ன வரவில்லை என்று எண் வாரியாக ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கோபம் வேண்டாம், தேதிகள் போதும்.

ஆணையத்துக்கு எழுதும்போது பிரிவு 19(3) என்று குறிப்பிடுங்கள். பிரிவு 18-இல் புகார் மட்டும் கொடுத்தால் அலுவலர் மீது தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் மணிப்பூர் வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்தது. தகவலோடு, பிரிவு 20-இன்படி நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டத்தையும் கோருங்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியவர் அந்த அலுவலர்தான், நீங்கள் அல்ல. விசாரணை அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முகவரி மாறினால் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கு எழுதிவிடுங்கள்.