ரைஸ் மில்லுக்கு ஈஆர்பி நெக்ஸ்ட்: கடைவாரியாக, பருவவாரியாக லாபம் பார்ப்பது எப்படி?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து ரைஸ் மில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி, ஆடிட்டர் கேட்கும் பேலன்ஸ் ஷீட் இதெல்லாம் எந்த மென்பொருளிலும் வந்துவிடும். முதலாளிகளின் கேள்வி வேறு. "கணக்கெல்லாம் சரிதான் தம்பி. பாளையங்கோட்டைக் கடை நமக்குச் சோறு போடுதா, நாம அதுக்குப் போடுதோமா, அதைச் சொல்லு" என்பார் ஒரு அண்ணாச்சி. அரசாங்கத்துக்குக் காட்டும் நிதிக் கணக்கில் இதற்குப் பதில் இருக்காது. அதே பதிவுகளிலிருந்து நிர்வாகக் கணக்கையும் எடுக்க வேண்டும். கணக்கு, சரக்கு, அரவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி நெக்ஸ்ட் மென்பொருளில் அதற்கான வழிதான் இது.

மில் ஒன்று, கடை இரண்டு (பாளையங்கோட்டை, வள்ளியூர்) என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளை நிறுவி, கம்பெனியைத் தொடங்கி, சரக்கு இருப்பையும் ஏற்றிவிட்டீர்கள் என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1. லெட்ஜரைப் பிரிக்காதீர்கள்

'மின்சாரம் - மில்', 'மின்சாரம் - வள்ளியூர்' என்று கடைக்கொரு லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) திறப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். மூன்றாவது கடை திறந்தால் செலவு லெட்ஜர் அத்தனையையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். ஆடிட்டருக்கு ஒவ்வொரு வருடமும் கூட்டிக் காட்ட வேண்டியிருக்கும். மின்சாரத்துக்கு ஒரே லெட்ஜர். எங்கே செலவானது என்பதைக் காஸ்ட் சென்டர் சொல்லட்டும். ஒவ்வொரு பதிவும் மில்லுக்கா, எந்தக் கடைக்கா என்று ஒட்டும் அடையாளம் அது.

2. காஸ்ட் சென்டர் மரம்

அக்கவுண்டிங் பகுதியில் 'சார்ட் ஆஃப் காஸ்ட் சென்டர்ஸ்' திறந்து கம்பெனிப் பெயருக்குக் கீழே நான்கு சேருங்கள்: மில், பாளையங்கோட்டை, வள்ளியூர், பொது. 'குரூப்' டிக் வேண்டாம். குரூப்பாக இருப்பதில் பதிவு போட முடியாது.

3. மெயினைக் காலியாக வையுங்கள்

பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். கம்பெனியைத் தொடங்கும்போதே 'மெயின்' என்று ஒரு காஸ்ட் சென்டர் தானாக உருவாகி, அதுவே இயல்புநிலையாகவும் இருக்கும். நீங்கள் எதையும் தேர்வு செய்யாவிட்டால் பதிவு சத்தமில்லாமல் அதில் போய் விழும். எச்சரிக்கை எதுவும் வராது. மூன்று மாதம் கழித்து அறிக்கை எடுத்தால் விற்பனை கடையில் இருக்கும், செலவில் பாதி மெயினில் கிடக்கும், கடை கொழுத்த லாபம் காட்டும்.

ஆகவே என் பழக்கம், மெயினை எதற்குமே பயன்படுத்துவதில்லை. பொதுச் செலவுக்கும் 'பொது'தான். அப்புறம் மெயினில் ஒரு ரூபாய் தெரிந்தாலும் அது தவறிப்போன பதிவு என்று உடனே பிடித்துவிடலாம்.

இதற்கு மாற்ற வேண்டிய இடங்கள்:

கம்பெனிப் பக்கத்தில் ரவுண்ட் ஆஃப் காஸ்ட் சென்டர், தேய்மான காஸ்ட் சென்டர் இரண்டையும் 'பொது' ஆக்குங்கள். பைசா வித்தியாசம்தானே என்று விட்டால் மெயின் ஒருநாளும் காலியாக இருக்காது.

பில்லில் காஸ்ட் சென்டர் இரண்டு இடத்தில் வரும்: பில் முழுவதற்கும் மேலே ஒன்று, ஒவ்வொரு பொருளின் வரியிலும் (ரோ) ஒன்று. விற்பனை வருமானத்தோடு சேர்வது பொருள் வரியில் இருப்பதுதான். மேலே வள்ளியூர் என்று போட்டுவிட்டுப் பொருள் வரியைக் கவனிக்காமல் சேமித்தால் பலனில்லை.

ஐட்டம் பக்கத்தில் 'டீஃபால்ட் செல்லிங் காஸ்ட் சென்டர்' இருக்கிறதே என்பீர்கள். ஒரு பொருளுக்கு, ஒரு கம்பெனியில், அதில் ஒன்றுதான் வைக்க முடியும். அதே அம்பை 16 அரிசி இரண்டு கடையிலும் விற்கிறதே! கடைக்கொரு பிஓஎஸ் ப்ரொஃபைல் (கல்லாவில் பில் போடுவதற்கான அமைப்பு) உருவாக்கி, அதில் காஸ்ட் சென்டரையும் கிடங்கையும் கட்டிவிடுங்கள். கல்லாவில் இருக்கும் பையன் எதையும் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

4. பொதுச் செலவைப் பங்கிடுதல்

'காஸ்ட் சென்டர் அலொகேஷன்' திறந்து, பொதுவை மில் 50, பாளையங்கோட்டை 30, வள்ளியூர் 20 என்று சதவீதத்தில் பிரியுங்கள். கூட்டினால் 100 வர வேண்டும். தொடக்கத் தேதி, பொதுவில் கடைசியாக விழுந்த பதிவுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. ஆகவே முதல் பில் போடும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

5. பருவம்

எனக்கு இந்தச் செய்முறையில் மிகவும் பிடித்த பகுதி இது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். பிசான நெல் அறுவடையாகி மில்லுக்கு வருவது பிப்ரவரி, மார்ச் வாக்கில். அரிசியாகி விற்று முடிய ஆனி ஆகிவிடும். நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. அன்று கையிலிருக்கும் நெல் பேலன்ஸ் ஷீட்டில் சரக்கு இருப்பாக நிற்கும்; அதன் லாபம் அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் 'இந்தப் பிசானத்தில் என்ன கிடைத்தது?' என்று கேட்டால் இரண்டு ஆண்டின் தாளையும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு அக்கவுண்டிங் டைமென்ஷன்: காஸ்ட் சென்டர் போலவே பதிவில் ஒட்டும் இன்னொரு அடையாளம். முதலில் 'பருவம்' என்று புதிய டாக்டைப் (மென்பொருளில் ஒரு வகைத் தகவலுக்கான படிவம்) ஒன்றை உருவாக்குங்கள். பெயரிடும் முறையில் 'செட் பை யூசர்' தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் பருவத்துக்குப் பெயருக்குப் பதில் புரியாத எழுத்துக் கோவை வரும். அதில் 'கார் 2024', 'பிசானம் 2024-25', 'பொது' என்று சேர்த்துவிட்டு, அக்கவுண்டிங் டைமென்ஷனில் அதைத் தேர்ந்தெடுத்து, லாப நட்டக் கணக்குகளுக்குக் கட்டாயம் என்பதை டிக் செய்யுங்கள். கடை வாடகைக்கும் இனி பருவம் கேட்கும், அதற்குத்தான் 'பொது'. பிசான மூட்டையின் பேட்ச் எண்ணைப் 'பி' என்று தொடங்கினால், விற்கும்போது எந்தப் பருவம் என்று யோசிக்க வேண்டாம்.

6. தவிடும் உமியும்

பிஓஎம்மில் (எதிலிருந்து எது எவ்வளவு வரும் என்ற உற்பத்திப் பட்டியல்) தவிடு, உமி, குருணை மூன்றையும் ஸ்கிராப் பொருளாக, விலையோடு சேருங்கள். விலையைப் போடாமல் விட்டால் அரிசியின் அடக்கம் ஏறிக் காட்டும். உதாரணத்துக்கு 100 கிலோ நெல் ₹2,400, அவித்து அரைக்க ₹150, ஆக ₹2,550. அரிசி 65 கிலோ. உமி 22 கிலோ ₹66, தவிடு 8 கிலோ ₹160, குருணை 3 கிலோ ₹66, மொத்தம் ₹292. இதைக் கழித்தால் அரிசி கிலோ ₹34.74. கழிக்காவிட்டால் ₹39.23. கிலோவுக்கு நாலரை ரூபாய் வித்தியாசத்தில் விலை வைத்தால் வியாபாரம் பக்கத்து மில்லுக்குப் போய்விடும்.

7. அறிக்கை

'ப்ராஃபிட் அண்ட் லாஸ் ஸ்டேட்மென்ட்' எடுத்துக் காஸ்ட் சென்டரையோ பருவத்தையோ வடிகட்டியில் போடுங்கள். பருவத்துக்கு நிதியாண்டை விட்டுவிட்டுத் தேதி வரம்பைக் கொடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மில்லிலிருந்து கடைக்குச் சரக்கு அடக்க விலையில் போகிறது. விற்பனை லாபம் முழுக்கக் கடையில்தான் நிற்கும். கடையைக் கடையோடு ஒப்பிடலாம், மில்லோடு ஒப்பிடக் கூடாது.

டேலி போதாதா என்றால், கடைவாரிக் கணக்கு மட்டும் போதும் என்பவர்களுக்குப் போதும். அதிலும் காஸ்ட் சென்டர் உண்டு, எஃப்11-இல் இயக்கலாம். அரவை, உபபொருள், பருவம் எல்லாம் ஒரே பதிவில் வேண்டும் என்றால் நான் ஈஆர்பி நெக்ஸ்ட் பக்கம்தான். திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை. பெரிய நிறுவனங்களின் மென்பொருளான எஸ்ஏபி-யிலும் நிதிக் கணக்கும் நிர்வாகக் கணக்கும் வெகுகாலம் தனித்தனி அட்டவணைகளில் இருந்து, 2015-இல் வந்த அதன் புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவில்தான் ஒரே ஜர்னலாகச் சேர்ந்தன. நம் ஊர் மில்லுக்கு அவ்வளவு பெரிய சாமான் தேவையில்லை.

பின்சேர்க்கை: ஏப்ரலுக்குப் பிறகு பிசானச் செலவு பூஜ்யமாகக் காட்டுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது ஜெனரல் லெட்ஜரில். ஆண்டு முடிவில் போடும் பீரியட் குளோசிங் வவுச்சர், மார்ச் வரையிலான வரவு செலவைத் திருப்பிப் பதிந்து லாபத்தை மூலதனப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். லெட்ஜரில் அந்த வரியும் சேர்வதால் கூட்டுத்தொகை அடிபடுகிறது. லாப நட்ட அறிக்கை அந்த முடிப்புப் பதிவைக் கணக்கில் எடுப்பதில்லை. பருவக் கணக்கை அதிலேயே பாருங்கள்.