சோயா: மூட்டையிலேயே தொடங்கும் தவறுகள்

மத்தியப் பிரதேசத்தின் மால்வா, மகாராஷ்டிரத்தின் விதர்பா, மராத்வாடா. இந்தியாவில் சோயா என்றால் பெரும்பாலும் இந்தக் கரிசல் காடுகள்தான். முளைப்பு சரியில்லை என்றதும் அங்கே முதல் பழி மழை மேல் விழும். பல சமயம் குற்றவாளி விதை மூட்டை.

சோயா விதையின் தோல் ரொம்ப மெலிசு. முளைக்குருத்து அந்தத் தோலை ஒட்டியே இருக்கிறது. மூட்டையை வண்டியிலிருந்து தொப்பென்று போட்டால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே குருத்து அடிபட்டிருக்கும். கதிரடிக்கும் இயந்திரத்தை வேகமாக ஓட்டினாலும் இதே கதிதான். விதைக்கென்று அடிக்கும்போது உருளை நிமிடத்துக்கு 400 சுற்றைத் தாண்டக் கூடாது. நாலைந்து மூட்டைக்கு மேல் அடுக்கவும் கூடாது. விதைப்புக்கு முன் 100 விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 70 முளைத்தால் சரி. கொஞ்சம் குறைந்தால் விதையளவைக் கூட்டலாம், ரொம்பக் குறைந்தால் விதையையே மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் அவசரம். முதல் மழைக்கே விதைத்துவிட்டு, அடுத்த மழை தள்ளிப்போனால் முளைத்ததெல்லாம் கருகும். சுமார் 100 மில்லிமீட்டர் பெய்து மண் நனையும்வரை பொறுங்கள். ஆழம் 3 சென்டிமீட்டர் போதும்.

விதைநேர்த்தியில் வரிசை முக்கியம்: பூஞ்சாணக்கொல்லி முதலில், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்துத் தரும் பாக்டீரியாவான ரைசோபியம் கடைசியில், அதுவும் நிழலில் வைத்து. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். வேர்முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. அதற்கு மேல் யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறையும், செடி மட்டும் தளதளவென்று நிற்கும்.

விற்கும்போது வேறொரு தவறு. சமையல் எண்ணெய் விலை ஏறுகிறது, சோயாவைப் பிடித்து வைப்போம் என்று நினைப்பது. 100 கிலோ சோயாவில் எண்ணெய் 18 கிலோ அளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதி புண்ணாக்கு, அது கோழித்தீவனத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் நல்ல விளைச்சல் என்றால் உலகச் சந்தையில் புண்ணாக்கு மலிந்துவிடும், எண்ணெய் ஏறினாலும் மண்டியில் சோயா அசையாமல் கிடக்கும். 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். ஆனால் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாகக் கேட்கும் ஈரப்பதம் 12 சதவீதம். களத்தில் இன்னும் இரண்டு வெயில் காயவைக்கச் சோம்பல்பட்டு, ஆதரவு விலையைவிடக் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டு வருபவர்கள் நிறைய.