மாற்றுத்திறனாளிகளும் நமது சங்கங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, ஆலய பரிபாலன சபை, கரையோரமென்றால் கடற்றொழிலாளர் சங்கம் என்று நாலைந்து அமைப்புகளாவது இருக்கும். 2009இல் முடிந்த போரில் கையையோ காலையோ கண்பார்வையையோ இழந்தவர்கள் இல்லாத கிராமமும் இங்கே அரிது. அவர்களுடைய பெயர்கள் உதவித்திட்டங்களின் பயனாளிப் பட்டியலில் தவறாமல் இருக்கின்றன. அங்கத்தவர் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றிரண்டு அகப்படலாம். நிர்வாக சபையில் தேடிப் பயனில்லை. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன். பல வருடங்கள் ஒரு கிராமச் சங்கத்தின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில், கீழே வரும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

சாய்தளத்திலிருந்து தொடங்கலாம். நாம் மிகுந்த மனநிறைவோடு செய்யும் தவறு அதுதான். மாரி வெள்ளத்துக்குப் பயந்து பொதுநோக்கு மண்டபங்களின் தளத்தை உயர்த்திக் கட்டுவது நமது வழக்கம். எங்கள் மண்டபத்தின் தளம் நிலத்திலிருந்து இரண்டரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதன்படி 30 அடி வேண்டும். கைபிடிக் கம்பியும், இடையில் நின்று இளைப்பாற ஒரு சமதளமும் வேண்டும். மேசன் கட்டித் தந்தது எட்டு அடி. வடிவாக இருக்கட்டுமென்று அதன்மேல் பளபளக்கும் மாபிள் வேறு பதித்தோம். திறப்பு விழாவன்று சக்கர நாற்காலியில் வந்த அண்ணர் ஒருவரை இரண்டு இளைஞர்கள் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு மேலே போனால், வாசலில் இரண்டு அங்குல நிலைப்படி. இரட்டைக் கதவில் ஒன்று மேலும் கீழும் கொண்டி போட்டிருந்தது. கடைசியில் நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே வைத்தார்கள். "தூக்கிறதெண்டால் படியாலேயே தூக்கியிருக்கலாமே தம்பி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அளவு தெரியாமல் கட்டியதைவிட, அந்த அண்ணரை அத்திவாரம் வெட்டும்போதே கூப்பிட்டுக் கேட்காததுதான் பெரிய பிழை. கேட்டிருந்தால் சாய்தளத்தைச் சுவரோரமாக மடித்து நீளத்தைக் கூட்டலாம் என்றும், மாபிளுக்குப் பதிலாக விளக்குமாற்றால் இழுத்த சொரசொரப்பான கொங்கிறீற்றே போதும் என்றும், படலையிலிருந்து மண்டபம் வரையுள்ள மணலில் சில்லுப் புதையும் என்றும் அவரே சொல்லியிருப்பார். வாசல் மூன்று அடி அகலமும், உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி இடமும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கட்டடத்தை உடனே மாற்ற முடியாத சங்கங்கள் கூட்டத்தை முற்றத்து வேப்பமரத்தடியில் வைக்கலாம். அதற்கு எந்த நிறுவனத்தின் நிதியும் தேவையில்லை.

மலசலகூடத்தை எவரும் பேசுவதில்லை. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் பலர், கூட்டம் இருக்கும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். போகிற இடத்தில் வசதியிருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த வெயிலில் அப்படி இருப்பதன் விலை சிறுநீர்த் தொற்று. நன்கொடைத் திட்டமொன்றில் கொமட்டும் பிடிகம்பியும் வைத்துக் கட்டிய அறை இருந்தாலும், அதற்குள் உடைந்த கதிரைகளும் தேர்முட்டித் தோரணங்களும் அடுக்கியிருக்கும். அறையின் திறப்பு (சாவி) தலைவரின் வீட்டில் இருக்கும்.

இவையெல்லாம் நமது தயவில் செய்யும் காரியங்கள் என்ற எண்ணமும் தவறு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பொது இடங்களிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றைப் பின்பற்ற வேண்டுமென உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது.

இனி, பேச்சு. காலில்லாத ஒருவர் மனைவியோடு கூட்டத்துக்கு வருகிறார். தேநீர்த் தட்டோடு வருபவர் மனைவியைப் பார்த்து, "அண்ணை சீனி போட்டுக் குடிப்பாரோ அக்கா?" என்று கேட்கிறார். போனது கால்தானே, வாய் இல்லையே! கூட வருபவரிடம் பேசிவிட்டு உரியவரை விட்டுவிடும் இந்தப் பழக்கம் தேநீரோடு நிற்பதில்லை; கையொப்பம், கடன் விண்ணப்பம், கருத்துக் கேட்டல் எல்லாவற்றிலும் தொடர்கிறது.

அதைவிடப் பாரதூரமானது, அறிமுகமான கையோடு "எங்க, எப்ப காயப்பட்டனீங்கள்?" என்று கேட்பது. வேறு ஊர்களில் இது வெறும் விடுப்பாக இருக்கலாம். வன்னியில் இந்தக் கேள்விக்குள், நீ யாரோடு நின்றாய், அந்தக் கடைசி மாதங்களில் எங்கே இருந்தாய், உன்னோடு இருந்தவர்கள் எங்கே என்ற கேள்விகளும் ஒளிந்திருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லும் கடப்பாடு எவருக்கும் இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு வந்தவருக்கு அறவே இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே நீங்கள் பங்குகொள்ள நாங்கள் என்ன ஒழுங்கு செய்ய வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டை மட்டும் கணக்கிலெடுப்பது அடுத்த தவறு. தலைக்குள் பீஸ் (செல் எனப்படும் எறிகணையின் சிதறல்) கிடக்கும் ஒருவருக்கு, தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கும் கூட்டம் தாங்க முடியாத தலையிடியாக முடியலாம். செல் விழுந்த அதிர்ச்சியில் ஒரு காது கேளாமற் போனவர், ஒலிவாங்கி இல்லாத இரைச்சலில் பாதியை விளங்காமலே தலையாட்டுவார். பள்ளிக்கூடம் போக வாய்க்காத செவிப்புலனற்றவர்களுக்கு முறையான சைகை மொழியும் தெரியாதிருக்கலாம். அவர்களின் வீட்டுச் சைகை விளங்கும் ஒருவரை அருகில் இருத்த வேண்டும். இவர்கள் வராமல் நின்றால், தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் அங்கத்துவம் இழப்பார் என்று யாப்பைக் காட்டிப் பெயரை வெட்டுகிறோம். வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்கு வராதவர்களிடம் குற்றப்பணம் அறவிடுவதும் அப்படித்தான். மண்வெட்டி பிடிக்க இயலாதவர் வரவுப் பதிவை எழுதலாம், கணக்கைப் பார்க்கலாம், சமையலை மேற்பார்க்கலாம். யாப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பொதுக்கூட்டத்தில் அதை முன்மொழிய ஏனோ எல்லோரும் தயங்குகிறோம்.

அறிவித்தல்களில் நாம் செய்யும் தவறு பலருக்கும் தெரியாது. பார்வையற்ற இளைஞர்கள் கைத்தொலைபேசியின் திரைவாசிப்பான் தமிழில் வாசித்துக் காட்ட, வட்ஸ்அப் செய்திகளைத் தாமாகவே கேட்கிறார்கள். நாமோ கூட்ட அறிவித்தலைத் தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, அதைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறோம். பக்கத்தை வளைத்து எடுத்த அந்தப் படம் பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை. கோப்பாக அனுப்பினாலும், அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் கருவிக்கு அது தமிழே அல்ல. பாமினியில் 'அம்மா' என்று அடித்தது, திரைவாசிப்பானின் காதுக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில் (யூனிகோட்) அடித்து, அதையே குழுவில் செய்தியாகவும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடக் குரற்பதிவையும் சேர்க்கலாம்.

வேலைவாய்ப்பில் நிலைமை இன்னும் மோசம். அரசாங்க சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகவே இயங்குவதாகச் சொல்லும் நிறுவனங்கள்கூடத் தமது விளம்பரங்களில் "மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் அவசியம்" என்று போடுகின்றன. கணக்கெழுதும் பதவிக்கும் அப்படியே போட்டிருந்ததை ஒருமுறை கண்டேன். அந்த ஒரு வரி எத்தனை பேரை விண்ணப்பம் நிரப்பாமலே திருப்பி அனுப்பும்! ஒரு வேலைக்கு உண்மையில் எது தேவை, எது பழக்கத்தால் எழுதப்படுகிறது என்று விளம்பரம் போடுமுன் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்தவரை வாசலோர மேசையில் இருத்தி, வெளியிலிருந்து வரும் குழுக்களுக்குக் காட்டிப் படமெடுப்பது சேர்த்துக்கொள்ளல் ஆகாது.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், நமக்கு நடு மாரியில் வருகிறது. கிரவல் வீதிகள் சேறாகிக் கிடக்கும் அந்த நாளில்தான் ஊரிலுள்ள அத்தனை பேரையும் வாகனத்தில் ஏற்றி வந்து, பேச்சுகளைக் கேட்க வைத்து, ஒரு பொதியைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். நிகழ்ச்சியை யாருக்காக, எப்போது, எங்கே வைப்பது என்று தீர்மானித்த கூட்டத்தில் அவர்களில் ஒருவரும் இருந்ததில்லை. ஒருமுறை நிகழ்ச்சிநிரலோடு முன்கூட்டியே போய், சாய்தளத்தில் சிரித்த அதே அண்ணரிடம் கருத்துக் கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பேச்சாளர் பட்டியலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வருடாந்தப் பொதுக்கூட்டம் எந்த மாதம் என்று கேட்டார். தை என்றேன். பொருளாளர் பதவிக்குத் தன் பெயரை முன்மொழிய ஓர் ஆள் வேண்டும் என்றார்.