கோத்தகிரி பக்கம் வாலண்டியரா வந்து ஒரு வீட்ல தங்கப் போறீங்களா, இத படிச்சுட்டு வாங்க

எங்க வீட்டு மாடி ரூம்ல மலேசியா, சிங்கப்பூர், டொரன்டோன்னு இதுவரைக்கும் ஏழெட்டு பேர் தங்கிட்டு போயிருக்காங்க. எல்லாரும் தமிழ் புள்ளைங்கதான், சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் எடுக்க, சோலைக்காட்டு மரக்கன்னு நர்சரியில பையில மண்ணு ரொப்ப வந்தவங்க. தமிழ் தெரியுமே, நம்ம சொந்தக்காரங்க வீடு மாதிரிதான இருக்கும்னு நெனச்சு வருவாங்க. ரெண்டு நாள்ல முழிப்பாங்க, ஏன்னா எங்க ஆளுங்க வாயில வர்ற முக்கால்வாசி பதில் "பரவால்ல" மட்டும்தான், அதுக்கு பத்து அர்த்தம் இருக்கு.

பேப்பர் வேலைய மொதல்ல முடிச்சுருவோம். வெளிநாட்டு பாஸ்போர்ட்டோட வந்து வீட்ல தங்கினா வீட்டுக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள வெளிநாட்டு ஆள் தங்கியிருக்காங்கன்னு ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் (ஃபார்ம் சின்னு சொல்வாங்க) போடணும், அதனால பாஸ்போர்ட், விசா காப்பி வந்த அன்னைக்கே கையில குடுத்துருங்க, அவங்களா கேக்க கூச்சப்படுவாங்க. இ-டூரிஸ்ட் விசாவுல சம்பளம் இல்லாத வாலண்டியர் வேலை ஒரு மாசம் வரைக்கும்தான், அதுக்கு மேல இருக்கிற பிளான்னா உங்க ஊர்லயே வேற விசாவுக்கு பாத்துட்டு கிளம்புங்க. 2024 மே 7ல இருந்து நீலகிரிக்குள்ள வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், பஸ்ல வந்தா வேணாம். நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை, ஒரு சில்வர் பாட்டில் எடுத்துட்டு வாங்க. சென்னையில நைட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுனா காலையில மேட்டுப்பாளையம், அங்கருந்து குஞ்சப்பனை, அரவேணு வழியா பஸ். வளைவுல வயித்த பொரட்டும், பூரி மசாலா வேணாம், ரெண்டு இட்லி போதும்.

இப்ப சுடுதண்ணி கதைக்கு வர்றேன், ஏன்னா முக்கால்வாசி சங்கடம் இங்கதான். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஒசரம், டிசம்பர்ல காலையில குழாயத் தொட்டா வெரல் மரத்துப் போயிரும். எங்க வீட்ல கீசர் கெடையாது, பின்னாடி அடுப்புல ஒரு அண்டா, அடியில சீகை மரத்து வெறகு. அந்த ஒரு அண்டாதான் வீட்ல அஞ்சு பேருக்கும். மலேசியா கிள்ளான்ல இருந்து வந்த ஒரு பொண்ணு, ரொம்ப நல்ல பொண்ணு, அவங்க ஊர் பழக்கத்துல காலையில ஒரு குளியல் சாயங்காலம் ஒரு குளியல், ஒவ்வொரு தடவையும் "பாட்டி, நான் குளிக்கட்டுமா"ன்னு கேட்டுட்டுதான் போகும். பாட்டியும் "அதுக்கென்னம்மா, பரவால்ல"ன்னு சொல்லிருவாங்க. நாலு நாளா அப்பா பச்சத்தண்ணியில மூஞ்சிய மட்டும் கழுவிட்டு தேயிலை பறிக்கப் போயிட்டு இருந்தாரு. அஞ்சாவது நாள் நான்தான் அண்டா விஷயத்த போட்டு ஒடச்சேன், அந்தப் பொண்ணு அழுதே போச்சு. அடுத்த நாள் விடியக்காலம் பாத்தா ஊதாங்குழல வச்சுகிட்டு பொகையில கண்ணு செவக்க ஊதிட்டு இருக்கு, பாட்டி பக்கத்துல ஒக்காந்து சிரிக்கிறாங்க.

அந்தப் பொண்ணு அப்பறம் ஒண்ணு கண்டுபிடிச்சுது, அதத்தான் இப்ப வர்ற எல்லாருக்கும் சொல்றேன். "பரவால்ல"ன்னு பதில் வர்ற மாதிரி கேள்வியே கேக்காதீங்க. "குளிக்கட்டுமா"ன்னு கேக்காம "இன்னும் யாரெல்லாம் குளிக்கல"ன்னு கேளுங்க. "லேட்டா வரலாமா"க்கு பதிலா "எத்தன மணிக்கு கதவு பூட்டுவீங்க". "ஹெல்ப் வேணுமா"ன்னு கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க, பேசாம போயி அருவாமனைய இழுத்துப் போட்டு தேங்கா துருவ ஆரம்பிங்க, ரெண்டு நிமிஷம் "ஐயோ விடும்மா"ன்னு சொல்லிட்டு மூணாவது நிமிஷம் ஊர்க்கதை ஆரம்பிச்சுரும். காசும் அப்படித்தான், கையில குடுத்தா வாங்க மாட்டாங்க. உங்கள அனுப்புறவங்க மூலமா தங்குற செலவு குடுக்கிறாங்களான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா சிலிண்டர் வர்ற அன்னைக்கு நீங்க பணத்த கட்டிருங்க.

கூப்பிடுற முறை. எங்க அம்மாவ ஆன்ட்டின்னு கூப்பிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அத்தைன்னு கூப்பிட்டா டீயோட வர்க்கி ரெண்டு சேத்து வரும், அவ்ளோதான் வித்தியாசம்.

பாட்டி தேத்தண்ணின்னுதான் சொல்வாங்க, ரொட்டியும் சம்பலும் செய்வாங்க. கண்டிப் பக்கம் பொறந்தவங்க. இலங்கைத் தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்புன 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல இங்க வந்த குடும்பங்கள்ல எங்களுதும் ஒண்ணு, அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கணும்னு 1968ல ஆரம்பிச்சதுதான் டேன்டீ, தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம். தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஆனா மொத நாளே செல்போன நீட்டி "உங்க கதைய சொல்லுங்க பாட்டி"ன்னு ஒக்காராதீங்க. ஒருத்தர் அப்படி செஞ்சாரு, பாட்டி எழுந்து கோழிய அடைக்கப் போயிட்டாங்க. பத்து நாள் கழிச்சு கீரை ஆஞ்சிட்டு இருக்கறப்ப தானா வரும், அப்ப ரெக்கார்டிங் ஆன் பண்ணாம கேளுங்க. சுத்தி இருக்கிற ஹட்டிகள்ல, அதாவது அவங்க ஊர்கள்ல, படுகர்கள் இருக்காங்க, அவங்க பேசுறது படுக, "அது கன்னடம்தான"ன்னு ஆராய்ச்சி பண்ணப் போகாதீங்க. அவங்க ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு யாராவது கூப்பிட்டா கண்டிப்பா போங்க, வெள்ளை ட்ரெஸ் ஒண்ணு பைல இருக்கட்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தேயிலக்காட்டு குறுக்குவழி வேணாம். காட்டுமாடு வரும், கரடியும் வரும், சும்மா பயமுறுத்தல. பாதையில காட்டுமாடு நின்னா போட்டோ எடுக்காம, சத்தம் போடாம, மெதுவா பின்வாங்கி அது போற வரைக்கும் நில்லுங்க. பழம், எண்ணெய் பண்டம் எதையும் ஜன்னல்ல வைக்காதீங்க, வாசனைக்கு கரடி வந்துரும். டியூஷன் முடிய லேட் ஆனா ஒரு போன் போடுங்க, நீங்க வர்ற வரைக்கும் அப்பா டார்ச்ச வச்சுகிட்டு வாசல்லயே நிப்பாரு, கேட்டா "சும்மா காத்து வாங்குறேன்"ம்பாரு. அந்தக் குளிர்ல எந்தக் காத்து!

கெளம்புறப்ப போர்வை, பெட்ஷீட்ட தொவச்சு வச்சுட்டு போறது நல்ல பழக்கம், ஆனா அக்டோபர், நவம்பர் மழையில மூணு நாளானாலும் காயாது, அதனால நாலு நாள் முன்னாடியே தொவைங்க. கடைசி நாள் தொவச்சுட்டு போன ஒருத்தரோட பெட்ஷீட் ஒரு வாரம் அடுப்பு மேல கொடியில தொங்கிச்சு, இன்னைக்கும் அதுல சீகைப் பொகை வாசம் போகல.