வாய் திறந்தாலே வலிக்கிறவங்ககிட்ட எப்படி பேசுறது

எங்க அப்பாவுக்கு நாக்கு ஓரத்துல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு அப்புறம் ரேடியேஷன், வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம், மொத்தம் 30 சிட்டிங். மொத ரெண்டு வாரம் மனுஷன் நல்லாத்தான் இருந்தாரு, ஆஸ்பத்திரி கேன்டீன் காபிய குறை சொல்லிட்டு வருவாரு. மூணாவது வாரத்துல இருந்து வாய்க்குள்ள முழுக்க புண்ணு, தண்ணி குடிச்சாலே கண்ணுல தண்ணி வரும். அந்த நேரத்துல நோய விட அதிகமா அவர படுத்துனது பாக்க வந்தவங்கதான், இத நான் கோவத்துல சொல்லல, எல்லாருமே பாசமா வந்தவங்க, ஆனா யாருக்கும் எப்படி பேசணும்னு தெரியல. எங்களுக்கும் தெரியாது, ஒவ்வொரு தப்பா பண்ணி கத்துக்கிட்டதுதான் இது.

மொதல்ல எங்க வலிக்குதுன்னு புரிஞ்சுக்கங்க. பேசும்போது நாக்கு பல்லுல உரசும், மேல அண்ணத்துல போய் ஒட்டும், எச்சில் வேற வத்திப்போய் கோந்து மாதிரி ஆயிடும், அதனால ஒட்டுன நாக்கை பிரிச்செடுக்கறதே ஒரு வேலை. நம்ம தமிழ்ல பாதி எழுத்து நாக்கை வச்சுதான், ல ள ழ ட ண ர எதுவா இருந்தாலும் நாக்கு எங்கயாவது போய் தொட்டோ வளைஞ்சோதான் ஆகணும். ப, ம, வ மாதிரி சிலதுதான் உதட்டோட போயிடும். ஒரு நாள் உக்காந்து கவனிச்சப்பதான் எனக்கு இது உறைச்சுது, "ஆமா" சொல்ல நாக்கு வேணாம், "இல்ல" சொல்ல நாக்கு வேணும். அப்பா அந்த ஒரு மாசம் எத கேட்டாலும் ஆமான்னாரு. கஞ்சி குடுக்கட்டுமாப்பா, ஆமா. ஃபேன் போடட்டுமா, ஆமா. நாங்களும் பாவம் ஒத்துழைக்கிறாருன்னு நெனச்சு குளிர்ல நடுங்க நடுங்க ஃபேன் போட்டு விட்டிருக்கோம்!

அதனால வாய்ல வர்ற ஆமாவ நம்பாதீங்க. கேள்வி கேக்கும்போது விரல்ல பதில் சொல்ற மாதிரி கேளுங்க, வேணும்னா ஒரு விரல், வேணாம்னா ரெண்டு விரல். தலையாட்ட சொல்லலாமேன்னு தோணும், கழுத்துலயும் ரேடியேஷன் குடுத்திருந்தா தோல் வெந்து கருத்து கெடக்கும், தலைய திருப்புறதும் வலிதான், அதுவும் இல்லாம நம்ம ஊர் தலையாட்டல்ல எது ஆமா எது இல்லன்னு கட்டுன பொண்டாட்டிக்கே சமயத்துல தெரியாது. ஒரு நேரத்துல ஒரு கேள்விதான். "கஞ்சி வேணுமா இல்ல மோர் தரவா, மோர்னா உப்பு போடலாமா, டாக்டர் என்ன சொன்னாரு" அப்படின்னு நாலு கேள்விய ஒண்ணா கட்டி வீசுனா அவர் எதுக்கு விரல் காட்டுவாரு. கேட்டுட்டு பதிலுக்கு நில்லுங்க, அடுப்படிக்கு நடந்துக்கிட்டே கேக்காதீங்க, விரல் காட்டுறது உங்க முதுகுக்கு தெரியாதுல்ல.

பாக்க போறவங்களுக்கு சொல்றேன். போறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு எந்த நேரம் தோதுன்னு கேளுங்க. வாய் மரத்துப் போக ஒரு மருந்து குடுப்பாங்க, அத கொப்பளிச்ச பிறகு கொஞ்ச நேரம் வலி மட்டுப்படும், அந்த நேரத்துலதான் அவங்க ரெண்டு வாய் கஞ்சியாவது உள்ள தள்ளணும், நீங்க கரெக்டா அப்ப போய் உக்காந்து "எப்படி இருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சா அந்த நேரம் போச்சு. எப்படி இருக்கீங்கன்றத விட மோசமான கேள்வி இல்ல, ஏன்னா அதுக்கு விரல்ல பதில் சொல்ல முடியாது. நீங்களே பேசுங்க. ஊர்ல யார் வீட்டு கல்யாணம், கெணத்துல தண்ணி எவ்வளவு இருக்கு, பஸ்ல யார பாத்தீங்க, இப்படி பதில் தேவைப்படாத பேச்சா பேசுங்க. எங்க பெரியப்பா ஒருத்தர் வந்தா ஒண்ணுமே கேக்க மாட்டாரு, பேப்பர எடுத்து வச்சுக்கிட்டு தலைப்புச் செய்தி, ரேஷன் செய்தி, இரங்கல் விளம்பரம் வரைக்கும் சத்தமா படிப்பாரு, நடுவுல அவரே அரசியல்வாதிய திட்டிக்குவாரு, அரை மணி நேரத்துல கெளம்பிருவாரு. அப்பா எதிர்பாத்து காத்திருந்த ஒரே ஆள் அவர்தான். ரொம்ப சிரிக்க வைக்காதீங்க, உதட்டோரம் வெடிச்சிருக்கும்.

பேச முடியாதவருக்கு காதும் கேக்காதுன்னு ஏன் எல்லாருக்கும் தோணுதுன்னு தெரியல, கட்டில்கிட்ட வந்து சந்தக்கடை சத்தத்துல கத்துறாங்க. இல்லன்னா அவர் எதிர்லயே எங்கிட்ட "சாப்பிடறாரா, தூங்குறாரா, ரொம்ப எளச்சுட்டாரே"ன்னு கேக்கறாங்க, ஆளு அங்கதான உக்காந்திருக்காரு. அவர பாத்தே சொல்லுங்க, பதில நான் சொல்றேன், ஆனா கண்ணு அவர் மேல இருக்கட்டும். "வெத்தல பாக்கு போட்டதாலதான"ன்னு கேட்டு வராதீங்க தயவு செஞ்சு. நடுவுல கெட்டியா எச்சில் வந்து கப்புல துப்ப வேண்டியிருக்கும், அப்ப மூஞ்சிய சுளிக்காம ஜன்னல் பக்கமா பாத்துட்டு பேச்ச அப்படியே தொடருங்க, அது போதும்.

ஃபோன் வேற பெரிய தலைவலி. "ஒரே ஒரு தடவ குரல கேட்டுக்கறேன், ஸ்பீக்கர்ல போடு"ம்பாங்க எங்க அத்தை, அழுதுக்கிட்டே கேக்கும்போது எப்படி முடியாதுன்னு சொல்றது, நானும் ஒரு நாள் போட்டுட்டேன், அவர் "நல்லா இருக்கேன்"னு சொல்லி முடிக்க பட்ட பாடு இருக்கே. அப்புறம் ஒரு வழி பண்ணேன், அத்தைய வாய்ஸ் மெசேஜ் அனுப்ப சொன்னேன், அப்பா கேட்டுட்டு ஒரு கும்பிடு எமோஜி போடுவாரு, அத்தைக்கு அந்த கும்பிடு வந்தாத்தான் அன்னிக்கு சோறு எறங்கும். வீடியோ காலும் வேணாம், எதிர்ல மூஞ்சி தெரிஞ்சா இவங்களுக்கு வாய் தன்னால பேச போயிடும்.

எழுதி காட்ட ஸ்கூல் சிலேட்டு வாங்காதீங்க, பல்பம் தூசி இருமல கெளப்பும். பட்டன அழுத்துனா அழியற எல்.சி.டி பேட் கெடைக்குது, வெல ஒண்ணும் அதிகமில்ல, அது நல்லா இருக்கு. ஆனா எழுதறவர் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். "தண்" வரைக்கும் எழுதுன உடனே தண்ணியான்னு நாம ஓடுவோம், அவர் எழுத வந்தது தண்டல்காரருக்கு பணம் குடுத்தாச்சான்னு. இப்படி நாலு தடவ நடந்ததும் பேட தூக்கி கட்டிலுக்கு அடியில போட்டுட்டாரு, கோவம் வரத்தான செய்யும். எழுத படிக்க தெரியாதவங்களுக்கு ஒரு அட்டையில தண்ணி, கப்பு, பாத்ரூம், வலி, ஃபேன், லைட்டுன்னு படம் வரஞ்சு குடுத்தா தொட்டு காட்டிருவாங்க. ராத்திரிக்கு பக்கத்துல ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைங்க, தட்டுனா வீடே எந்திரிக்கும்.

டாக்டர்கிட்ட போகும்போது மட்டும் நாம முந்திரிக்கொட்டையா இருக்கக் கூடாது. வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா அவரே விரல்ல காட்டட்டும், நான் பக்கத்துல இருந்து "பரவால்ல டாக்டர், அஞ்சு இருக்கும்"னு சொல்லிட்டேன், அவர் ரெண்டு கையையும் விரிச்சு எட்டு காட்டுனாரு, அன்னிக்குத்தான் வலி மருந்த மாத்தி எழுதுனாங்க. கேக்க வேண்டியத முந்தின நாள் ராத்திரியே அவர் கையால பேப்பர்ல எழுதி வாங்கிட்டு போயிடுங்க. காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் வந்தாலோ, எச்சில கூட முழுங்க முடியலன்னாலோ, மூச்சு விட செரமப்பட்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம உடனே கூட்டிட்டு போங்க. பேசாத மனுஷன் இதையும் சொல்லாம இருந்துருவாரு.

வலி யாருக்கோ அவங்களுக்கும் ஒரு வார்த்தை. ரகசியம் பேசுற மாதிரி மெதுவா பேசுனா வலிக்காதுன்னு நெனைக்காதீங்க, சத்தம்தான் குறையும், நாக்கு அதே தூரம்தான் போகுது. தொண்டை கட்டுனவங்களுக்கும் கிசுகிசுக்கறது நல்லதில்ல, குரல்நாணுக்கு அதுவும் வேலைதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "வாய்ல புண், பேச முடியாது, எழுதுங்க"ன்னு போட்டுருங்க, கூச்சப்படாதீங்க. இன்னும் பாவம் முகத்து நரம்பு வலிக்காரங்க, பேசுனா, பல்லு வெளக்குனா, சில சமயம் காத்து பட்டா கூட கன்னத்துல ஷாக் அடிச்ச மாதிரி இழுக்கும், ஆனா வெளிய பாத்தா புண்ணு காயம் ஒண்ணும் இருக்காது, அதனால திமிர் பிடிச்சு பேசாம இருக்காங்கன்னு பேர் வாங்குவாங்க. உங்க ஆபீஸ்ல அப்படி யாராவது இருந்தா மீட்டிங்ல பேர் சொல்லி எழுப்பாம சாட்ல கேளுங்க.

கடைசி சிட்டிங் முடிஞ்ச அன்னிக்கு எங்க வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோட வந்தாங்க, "முடிஞ்சிருச்சுல்ல, இனி பேசலாம்ல"ன்னு. புண்ணுக்கு அது தெரியாது, முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் உச்சத்துல இருக்கும், அப்புறம்தான் மெல்ல ஆறும், அதனால அந்த ரெண்டு வாரமும் மேல சொன்னது அத்தனையும் அப்படியே தொடரணும். எச்சில் ஊற மாசக்கணக்காகும், பேசும்போது நடுநடுவுல ஒரு வாய் தண்ணி வேணும், பாட்டில எட்டுற தூரத்துல வச்சுருங்க. அப்பா இப்ப நல்லாவே பேசுறாரு, ழ மட்டும் கொஞ்சம் வழுக்கும். ஆனா அந்த எல்.சி.டி பேட தூக்கி போட விட மாட்டேங்கறாரு. நேத்து கடன் கேக்கற மாமா ஒருத்தர் ஃபோன் பண்ணாரு, அப்பாகிட்ட குடுக்க போனேன், பேட்ல எழுதி காட்டுறாரு, "வாய் வலி".