எண்ணெய்ச் சட்டி இல்லாமல் டோனட்: ஓடிஜி வைத்திருப்போருக்கான செய்முறை

ஓடிஜி எனும் சிறு மின் ஓவனில் சுட்ட டோனட் கடைசியில் பன்னாகத்தான் வந்து நிற்கிறது என்பது இதைச் செய்து பார்த்த பலரும் சொல்லும் குறை. குறை உண்மைதான்; ஆனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் ஓவன் அன்று, மாவு. 180 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ந்த எண்ணெயில் விழும் டோனட், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், ஈரம் அதிகம் போகுமுன் வெந்து முடிந்துவிடுகிறது. ஓவனிலோ காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் பத்து நிமிடம் ஆகிறது; அந்த நேரம் முழுவதும் மாவிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே மாவு கூடுதல் ஈரத்தோடு உள்ளே போக வேண்டும், உள்ளே இருக்கும் நேரமும் குறைவாக இருக்க வேண்டும். இந்தச் செய்முறையின் மற்ற படிகள் எல்லாம் இவ்விரண்டுக்காகத்தான்.

பேக்கிங் பவுடர் போட்டுக் கரைத்த மாவை டோனட் அச்சில் ஊற்றிச் சுடும் முறையும் உண்டு. அது சுவையாகவே இருக்கும். ஆனால் அது வளைய வடிவிலான கேக். இங்கே நான் எழுதுவது ஈஸ்ட் சேர்த்துப் பொங்க வைக்கும் டோனட்டைப் பற்றி.

பத்து டோனட்டுக்கு 300 கிராம் மைதா, 160 மில்லி பால், ஒரு முட்டை, 40 கிராம் சர்க்கரை, 45 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 4 கிராம் உப்பு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை ஆகியவை வேண்டும். மேலே தடவவும் தூவவும் 40 கிராம் வெண்ணெய், 80 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள் ஆகியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். தம்ளர் கணக்கு இதற்கு ஒத்துவராது. அழுத்தி அள்ளிய மைதாவுக்கும் தளர்வாக அள்ளிய மைதாவுக்கும் ஒரு கப்புக்கு 25, 30 கிராம் வரை வேறுபாடு வரும். அந்த வேறுபாடே மாவைப் பன் மாவாக்கிவிடும். டோனட் அச்சு, வெட்டும் கருவி என்று வாங்குவதற்கு முன், கிராம் காட்டும் சிறிய எடை மெஷின் ஒன்றும் பிளாஸ்டிக் மாவுச் சுரண்டி ஒன்றும் வாங்குங்கள். அச்சுக்கு எவர்சில்வர் தம்ளரே போதும்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை மாவில் நேரடியாகப் போடலாம் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும், முதலில் சோதித்துப் பார்ப்பதே நல்லது. கோடையில் கிருஷ்ணகிரியில் கடை அலமாரியில் பல வாரம் கிடந்த ஈஸ்ட் எந்த நிலையில் இருக்கும் என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அளந்த பாலில் பாதியை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடாகத் தெரியும் அளவுக்குச் சூடாக்கி, ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். நுரை எழுந்தால் தொடரலாம்; எழாவிட்டால் புதுப் பொட்டலம் வாங்குங்கள். பால் 55, 60 பாகையைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். விரல் பொறுக்காத சூடு என்றால் ஆறும்வரை காத்திருங்கள். பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

இனி, பலரையும் கவிழ்க்கும் படிக்கு வருவோம். ஈஸ்ட் கலந்த பாலுடன் மீதிப் பால், முட்டை, சர்க்கரை, ஜாதிக்காய் ஆகியவற்றைச் சேர்த்து, மைதாவைக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குக் கரண்டியால் கிளறுங்கள். கிளறிய மாவு பாத்திரத்திலும் கரண்டியிலும் விரலிலும் அப்பிக்கொள்ளும். பூரிக்கும் சப்பாத்திக்கும் பிசைந்து பழகிய கை இந்த இடத்தில் தானாகவே மைதா டப்பாவை நோக்கிப் போகும், போகவிடாதீர்கள். இரண்டு கைப்பிடி மைதா கூடினால் பிசைவது சுகமாக இருக்கும், டோனட் வறண்டுவிடும். பரோட்டாவுக்கு ஊற வைத்த மாவைவிடவும் தளர்வாக இது இருக்க வேண்டும்.

பாத்திரத்தை மூடி இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். மைதா பாலை உறிஞ்சிக்கொள்வதால் ஒட்டும் தன்மையில் பாதி தானாகவே போய்விடும். அதன் பிறகு உப்பைத் தூவி, மிருதுவான வெண்ணெயைச் சிறுசிறு துண்டாகச் சேர்த்துப் பிசையத் தொடங்குங்கள். வெண்ணெய் போட்டதும் மாவு பிரிந்து வழுக்கி, கெட்டுவிட்டதோ என்று தோன்றும். நிறுத்தாமல் பிசைந்தால் ஐந்தாறு நிமிடத்தில் மீண்டும் ஒன்று சேரும். மேடையில் மாவைச் சுரண்டியால் வாரி எடுத்து, உயர்த்தி, மேடைமேல் அடித்து, தன்மேலேயே மடிக்க வேண்டும். கையால் அழுத்திப் பிசைவதைவிட இதுவே தளர்ந்த மாவுக்கு ஏற்றது. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் மாவு வழவழப்பாகி, மேடையை விட்டு முழுதாகக் கிளம்பி வரும். நெல்லிக்காய் அளவு கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுத்து, சன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். கிழியாமல் சவ்வாக விரிந்து வெளிச்சம் ஊடுருவினால் போதும். ஓட்டை விழுந்து ஓரம் பிசிராகத் தெரிந்தால் இன்னும் சில நிமிடம் பிசைய வேண்டும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை மூடி, இரண்டு மடங்காகும்வரை வையுங்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். அது ஊரையும் மாதத்தையும் பொறுத்தது. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி, தருமபுரி சமையலறைகளில் முக்கால் மணி நேரத்திலேயே பொங்கி நிற்கும். அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை வந்துவிடும். அந்த நாட்களில் ஈஸ்ட்டுக்கான பாதிப் பால் போக, மீதியைக் குளிர்ந்த பாலாகவே சேர்க்கிறேன். மேட்டில் இருக்கும் ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழி, தை மாதங்களில் இரண்டு மணி நேரம் கழித்தும் மாவு அசையாமல் கிடக்கலாம். அணைத்து வைத்த ஓடிஜிக்குள் மாவுப் பாத்திரத்தையும் ஒரு சொம்பு வெந்நீரையும் சேர்த்து வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அந்தக் குறை தீரும்.

பொங்கிய மாவை மெல்ல அமுக்கி, மேடையில் மைதாவை மிகக் குறைவாகத் தூவி, ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். எட்டு சென்டிமீட்டர் வாயுள்ள தம்ளரால் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். திருகினால் ஓரம் நசுங்கி ஒரு பக்கமாகப் பொங்கும். நடுத் துளைக்குக் குளிர்பான பாட்டில் மூடி சரியாக இருக்கும். அதைவிடச் சிறிதாக வெட்டினால் வேகும்போது துளை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனிப் பேக்கிங் பேப்பர் துண்டில் வைத்தால், பொங்கிய பின் கை படாமல் நகர்த்தலாம். மெலிந்த பட்டர் பேப்பர் சில ஓவன் சூட்டில் புகைகின்றன, பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது முறை பொங்க முப்பது, நாற்பது நிமிடம் பிடிக்கும். ஓரத்தில் விரலால் லேசாக அழுத்துங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் ஓவனுக்குத் தயார். நிமிராமலே நின்றால் நேரம் கடந்துவிட்டது, உடனே சுட்டுவிடுங்கள்.

ஓவனைச் சூடாக்கும் மேல், கீழ் ராடு இரண்டையும் போட்டு, 190 பாகையில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்யுங்கள். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். கறுப்புத் தட்டு அடியைச் சீக்கிரம் கருக்கும் என்பதால் நான் அலுமினியத் தட்டையே பயன்படுத்துகிறேன். ஆறாவது நிமிடத்தில் தட்டை ஒருமுறை திருப்பி வைத்து, எட்டாவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். மேற்பகுதி வெளிர் பொன்னிறமும், பக்கவாட்டில் இன்னும் வெளுத்த பட்டையும் தெரிந்தால் அதுதான் எடுக்கும் நேரம்; ஒன்பது, பத்து நிமிடத்தில் அது வந்துவிடும். கடையில் பார்க்கும் செம்பழுப்பு நிறம் எண்ணெய் தரும் நிறம். அதற்காகக் காத்திருந்தால் டோனட் காய்ந்துவிடும். வெட்டி எடுத்த நடு உருண்டைகளைத் தனியாகச் சுடுங்கள். அவை ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். வெளியே எடுத்த உடனே, சூடு ஆறுமுன், உருக்கிய வெண்ணெயை எல்லாப் பக்கமும் தடவிப் பட்டைச் சர்க்கரையில் புரட்டுங்கள். ஆறிய டோனட்டில் சர்க்கரை ஒட்டாது.

மாம்பழக் காலத்தில் நம் ஊரில் இருந்துகொண்டு பட்டைச் சர்க்கரையோடு நிறுத்துவது நியாயமில்லை. நன்கு பழுத்த அல்போன்சா அல்லது பெங்களூரா சதையை மிக்ஸியில் அரைத்து, நான்கு மேசைக்கரண்டி கூழைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆற வைத்து, 100 கிராம் பொடித்த சர்க்கரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழையுங்கள். சுண்டாத கூழ் நீர்த்து வழிந்துவிடும். பெங்களூராவின் புளிப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இந்தப் பூச்சுக்கு மட்டும் டோனட் முழுதாக ஆறியிருக்க வேண்டும்; பூசியதை அன்றே தின்றுவிட வேண்டும்.

பின்சேர்க்கை: பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதிய ஒருவருக்கு மாலையில் சுடும்போது மட்டும் நிறமே வரவில்லையாம். அங்கே மாலையில் மின்னழுத்தம் குறைகிறது என்பது பிறகு தெரிந்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வோல்ட்டே வந்தால் ராடு தரும் வெப்பம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். பகலில் சுடுவது நல்லது. முடியாவிட்டால் முன்சூட்டை இருபத்தைந்து நிமிடமாக்கி, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியைப் பார்த்த பிறகே தட்டை வையுங்கள். குமிழில் காட்டும் வெப்ப அளவை நம்பாதீர்கள்.

முட்டை வேண்டாம் என்போர் அதற்கு ஈடாக 45 மில்லி பால் சேர்க்கலாம். நிறம் சற்றுக் குறையும், மென்மை கெடாது. ராகி மாவு சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் ராகியில் இல்லாததால் 300 கிராமில் 50 கிராமுக்கு மேல் மாற்ற வேண்டாம். மாற்றும்போது இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக விடுங்கள். கன்வெக்‌ஷன் வசதியுள்ள மைக்ரோவேவ் என்றால் விசிறி இருப்பதால் 180 பாகை போதும். சாதாரண மைக்ரோவேவில் இது வராது.

மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மறுநாள் மைக்ரோவேவில் பத்து விநாடி காட்டினால் மென்மை திரும்பும். அதற்கு மேலும் வைக்க வேண்டுமானால், எதுவும் பூசாமல் ஃப்ரீசரில் வைத்து, சூடாக்கிய பிறகு வெண்ணெயும் சர்க்கரையும் சேருங்கள்.