டெல்டா வெக்கையில் ஆர்க்கிட்: டென்ட்ரோபியத்தில் தொடங்குங்கள்

நர்சரியில் பட்டாம்பூச்சிக் கூட்டமாகப் பூத்து நிற்கும் ஃபெலநாப்சிஸ் ஆர்க்கிட்டைப் பார்த்தால் கை தானாக அங்கே போகும். தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் முதல் செடியாக அது வேண்டாம். கொஞ்சம் குளிர்ச்சி கிடைத்தால்தான் அது மறுபடி பூந்தண்டு விடும். நம் வெக்கையையும் புழுக்கத்தையும் தாங்குவது டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டின் கலப்பின ரகங்கள்தான். வாங்கும்போது பூவை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளையாக, நுனி பச்சையாக இருக்க வேண்டும்.

மண்ணில் வைக்கவே கூடாது. மரத்தில் பற்றி வளரும் இனம் இது. காற்றுப் படாவிட்டால் வேர் அழுகிவிடும். அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள 5 அங்குல மண்சட்டி போதும். அடியில் ஓட்டுச்சில்லு. அதன்மேல் மரக்கரி 2 பங்கு, செங்கல் துண்டு 1 பங்கு, எல்லாம் ஓர் அங்குல அளவில். கொல்லையில் கிடக்கிறதே என்று தேங்காய் மட்டையை மட்டும் அடைக்காதீர்கள். ஐப்பசி மழையில் அது காயவே காயாது. ஒரு பிடி சேர்ப்பதானால் 3 நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, கறை இறங்கிய பிறகு சேருங்கள். செடியின் அடித்தண்டு கரிக்கு மேலே தெரியட்டும். புதைத்தால் புதுக்குருத்து அழுகும். வேர் பிடிக்கும்வரை ஆடாமல் குச்சி வைத்துக் கட்டுங்கள்.

50 சதவீத நிழல்வலைக்குக் கீழே தொங்கவிடுங்கள். இலை இளம்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரி. கரும்பச்சை பார்க்க அழகு, ஆனால் பூ வராது. அக்னி நட்சத்திரத்தில் மேற்கு வெயில் பட்டால் இலையில் வெளுத்த திட்டு விழுந்து கருகும். அந்த நாட்களில் இன்னொரு வலை போடுங்கள்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதை வேரே சொல்லிவிடும். நனைந்த வேர் பச்சை, காய்ந்த வேர் வெள்ளி நிறம். வெள்ளியானதும் காலையில் ஊற்றுங்கள், சாயங்காலம் வேண்டாம். கோடையில் இது தினமும் வரும், மழைக்காலத்தில் பல நாள் தேவையே இராது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் இதற்கு ஆகாது. சட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால், வேர்நுனி கருகினால், காரணம் அதுதான். மழைநீரைப் பிடித்து டிரம்மில் மூடி வையுங்கள்.

உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை, நனைந்த வேருக்கு மட்டும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் சட்டியை நன்றாக அலசுங்கள்.

அடைமழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் தண்டு பழுப்பாகிக் கொழகொழத்துவிடும். நெருப்பில் காட்டி ஆறிய பிளேடால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைப் பொடியைத் தடவுங்கள். பொடி வேரில் பட்டால் வேர் காய்ந்துபோகும், கவனம்.

இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்ததென்று வெட்டிவிடாதீர்கள். நீரும் சத்தும் அதில்தான் சேமிப்பு. அதிலிருந்தே மறுபடி பூவும் வரலாம். கணுவில் குட்டி முளைத்தால், அதன் வேர் 2 அங்குலம் வளர்ந்த பிறகு பிரித்துத் தனிச்சட்டியில் வையுங்கள்.